ஏழு தண்ணி

மனித குலத்தில் ஏழு தண்ணிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் தெரியாது. நம்மைப் போலவே பேருந்தில் ஏறுவார்கள், வரிசையில் நிற்பார்கள், பக்கத்து வீட்டாரைப் பற்றி நல்ல விதமாக ஆரம்பித்து வேறு விதமாக முடிப்பார்கள். அவர்கள் கையில் வெட்டிய கோழி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். கோழி செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அதற்குப் பிடித்த சனி இனிமேல்தான் ஆரம்பம்.

தண்ணி என்பது இங்கே ஓர் அளவு. ஒரு முறை நிரப்பி, அலசி, கொட்டினால் ஒரு தண்ணி. அரிசிக்கு இரண்டு தண்ணி, கீரைக்கு மூன்று தண்ணி என்று உலகம் ஒருவாறு ஒத்துப்போயிருக்கிறது. கோழிக்கு மட்டும் வரம்பு கிடையாது. அவரவர் மனசாட்சி, அவரவர் குழாய்.

நாம் பார்க்கப்போகும் அக்கா இந்த இனத்தில் முதல் தரம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சட்டை தைக்கும் ஆலையில் பதினெட்டு வருடமாகச் செக்கர். தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, பிசிறு தொங்குகிறதா, பொத்தான் துளை நேராக இருக்கிறதா, காலரின் இரண்டு முனையும் ஒரே நீளமா என்று பார்த்து, தப்பானதில் சிவப்பு ஒட்டு ஒட்டுகிற வேலை. அவள் கண்ணுக்குத் தப்பும் பிசிறு இனிமேல்தான் பிறக்க வேண்டும். வீட்டிலும் அந்தக் கண் லீவு எடுப்பதில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி. அவனைப் படிக்க வைத்தது அவள்தான். இப்போது ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமிகளைக் கண்ணாடியில் வைத்து எண்ணுகிற உத்தியோகம். தெருவில் யாராவது மணி கேட்டால்கூட, “என் தம்பி லேப்ல இருக்கான் பாருங்க, அவன் வாங்கிக் குடுத்த வாட்ச்சு. மணி பத்து” என்பாள். மணி மட்டும் தெரிந்துகொண்டு அவளிடமிருந்து தப்பியவர்கள் குறைவு.

தம்பியும் அவன் மனைவியும் ஞாயிறுதோறும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. ஒரு வாரம் மீன், ஒரு வாரம் கோழி. மீன் வாரத்தில் அக்கா ஒரு சாதாரணப் பெண்மணி. கோழி வாரத்தில்தான் அவளுக்குள் இருக்கும் செக்கர் விசுவரூபம் எடுப்பாள்.

காலை ஒன்பது மணிக்குக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு தொட்டிமுன் நிற்பாள். முதல் தண்ணி கடைக்காரரின் கைக்காக. இரண்டாவது அவருடைய கத்திக்காக. மூன்றாவது, நமக்கு முன்னால் அந்தக் கத்தி யார் வீட்டுக் கோழியை வெட்டியதோ அவர்களுக்காக. நாலாவதில் கல் உப்பைப் போட்டுத் தேய்ப்பாள். போட்ட உப்பைப் போக்க ஐந்தாவது. அடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கைக்குழந்தைக்குக் காது மடல் துடைக்கிற பக்குவத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு தண்ணி. ஏழாவது எதற்கு என்று கேட்பீர்கள். அது சந்தேகத்துக்கு. சந்தேகம் பலமாக இருக்கும் நாட்களில் எட்டாவதும் உண்டு. அதை அவள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அடக்கமானவள்.

இத்தனையும் எங்கே நடக்கிறது? பாத்திரம் கழுவுகிற அதே தொட்டியில். இடப்பக்கம் கழுவி அடுக்கிய தட்டுகள், வலப்பக்கம் நறுக்கி வைத்த வெள்ளரிக்காய், தலைக்கு மேலே கொக்கியில் தொங்கும் டம்ளர்கள். குழாயை முழுசாகத் திறந்தால்தான் அக்காவுக்குக் கழுவிய மாதிரி இருக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் கோழியின் நெஞ்செலும்பில் மோதி, குடை விரிந்த மாதிரி நாலா பக்கமும் தெறித்து, தட்டு, வெள்ளரி, டம்ளர், உப்புச் சாடி, மூலையில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ, அக்காவின் மூக்குக் கண்ணாடி என்று யாரையும் விட்டுவிடாமல் ஆளுக்கொரு துளி பரிமாறும். கோழியைவிட்டுக் கிருமி போனது உண்மை. பக்கத்து வீட்டுக்குக் குடிபோன மாதிரி வெள்ளரிக்குப் போனது.

முடிந்ததும் கோழியை முகர்ந்து பார்ப்பாள். “இப்பதான் கோழி மாதிரி இருக்கு.” அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

ஏழு தண்ணிக்காரரை விருந்துக்கு அழைத்துப் பார்த்திருக்கிறீர்களா? செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வரும். “கோழியா? எத்தனை தண்ணி?” நீங்கள் அப்பாவியாக, “ரெண்டு தண்ணிங்க” என்று சொல்லிவிட்டால், உங்கள் வீட்டில் யாரோ தவறிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அவர் வெறும் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு, “காலைலேர்ந்து பசியே இல்ல” என்பார். போகும்போது உங்கள் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, எலுமிச்சம்பழத்தின் மகிமையைக் காதில் ஓதிவிட்டுத்தான் போவார்.

அவர்கள் வீட்டில் யாருக்கும் வயிறு கெடாதா? கெடும். பேஷாகக் கெடும். ஆனால் கோழியால் கெடாது. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது பயணிகளோடு போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிப்பறையைப் பார்த்து ஓடினார். திரும்பி வர இருபது நிமிடம். பயணிகளில் பாதிப் பேர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா விசாரணை நடத்தி அன்று மாலையே தீர்ப்புச் சொன்னாள்: இன்ஜின் சூடு. சீட்டு வழியாக ஏறி வயிற்றுக்கு வந்துவிட்டது. அவளுக்கே வந்தால் ஆலையில் யாரோ தந்த பிஸ்கட். அதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது, காற்று. காற்று எதிர்த்துப் பேசாது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு மீன் வாரத்து ஞாயிறன்று தம்பி வாயைத் திறந்தான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“நீ சொல்லுடா. கோச்சுக்கறதா வேண்டாமான்னு நான் அப்புறம் பாத்துக்கறேன்.”

“அடுத்த வாரம் கோழியைக் கழுவாதே.”

அக்காவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. “எதைக் கழுவக் கூடாது?”

“கோழிய.”

“கழுவாம?”

“அப்படியே சட்டில போடு. வேகற சூட்டுல கிருமி செத்துடும். தண்ணில கழுவினா சாகாதுக்கா, தெறிச்சு நாலு இடத்துக்குப் பரவும். ஈரமா இருந்தா காகிதத்தால ஒத்தி எடுத்துட்டு அதைக் குப்பைல போட்டுடு. அவ்வளவுதான்.”

“காகிதத்தாலயா! ஏன், கோழி வெயில்ல ஆபீஸ் போயிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கா, நான் மூஞ்சியைத் தொடைச்சு விட?”

ஓட்டுநர் சிரித்துவிட்டார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை மீன் முள்ளோடு சேர்த்துத் தட்டோரம் ஒதுக்கி வைத்தார்.

“உன்னைப் படிக்க வெச்சதுக்கு எனக்கு நீ அடுப்படிப் பாடம் எடுக்கறியாடா?”

“நீ படிக்க வெச்சதைத்தான்கா சொல்றேன். நான் வேற எங்க போயிப் படிச்சேன்?”

பதில் இல்லாத இடத்தில் ஏழு தண்ணிக்காரர் குரலை உயர்த்துவார், அல்லது பாத்திரத்தை நகர்த்துவார். அக்கா இரண்டையும் செய்தாள்.

தம்பி விடவில்லை. “டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. இந்த நேரத்துல இவளுக்கு வயித்துல எதுவும் வரக்கூடாது. நீ கழுவித்தான் ஆவேன்னா, பிள்ளை பொறக்கற வரைக்கும் நாங்க ஞாயித்துக்கிழமை வரல.”

அவன் மனைவி பதறிப்போய், “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கறின்னா எனக்கு உயிரு. அதான் பயமா இருக்கு” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அக்காவுக்கு ஞாயிறு என்றால் என்ன தெரியுமா? லீவு இல்லை, தூக்கம் இல்லை, ரேடியோ இல்லை. தம்பியின் தட்டு. அவன் பென்சில் பிடித்த காலத்திலிருந்து அந்தத் தட்டில் முதல் துண்டை வைப்பது அவள் கை. வாரம் ஆறு நாளும் அடுத்தவர் சட்டையில் குற்றம் கண்டுபிடிக்கிறவளுக்கு, ஏழாம் நாள் ஒருவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு “போதும்கா” என்று சொல்வதுதான் சம்பளம். அது இப்போது ஒரு கோழியின் கழுத்தில் தொங்குகிறது.

விட்டுக்கொடுப்பாளா? மாட்டாள். சாட்சி கொண்டுவந்தாள்.

அங்கேதான் அவள் தப்பு செய்தாள். அவளைப் போன்ற ஒழுங்குக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

“இந்த வீட்டுல கோழி தின்னு யாருக்கு என்ன வந்துச்சு? ஒரு நாள் விடாம எழுதி வெச்சிருக்கேன். வந்து பாரு” என்று அடுப்படிச் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டாள்.

அக்கா காலண்டரில் எல்லாவற்றையும் குறிப்பாள். சிலிண்டர் மாற்றினால் ‘சி’. மீன் ஆக்கினால் ‘மீ’. கோழி ஆக்கினால் ‘கோ’. யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனால் ‘வ’. கணவரின் பணிமனைக்கு லீவுக் கடிதம் எழுதித் தருவது அவள்தான் என்பதால், தேதி தப்பக் கூடாது என்று அந்த ‘வ’வைச் சிவப்புப் பேனாவில் போடுவாள்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இது கோழியா?”

“பின்ன என்னன்னு நினைச்சீங்க?”

“பன்னெண்டு வருஷமா கோவம்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்! கோன்னு போட்டிருக்கு, ரெண்டு நாள் தள்ளி வன்னு போட்டிருக்கு. கட்டத்துல ம் போட இடம் பத்தல போலன்னு விட்டுட்டேன். உனக்கு என் மேல கோவம் வர்ற வாரத்தை எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன்னு, அந்த வாரம் முழுக்க நான் வாயே திறக்கறதில்ல.”

“அதான் அந்த வாரமெல்லாம் வீடு அமைதியா இருந்துச்சு” என்றாள் அக்கா.

தம்பி சிரிக்கவில்லை. காலண்டரைத் தன் பக்கம் இழுத்து, மாதம் மாதமாகத் திருப்பி, விரலை வைத்து எண்ண ஆரம்பித்தான். எண்ணுவதுதானே அவன் தொழில்.

“அக்கா, இந்த வருஷத்துல பதினோரு கோ. அதுல அஞ்சு தடவை, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு வ. பதினோரு மீ. அதுக்குப் பின்னால ஒரு வ கூட இல்ல.”

“அது இன்ஜின் சூடுடா.”

“ஏன் மாமா, உங்க இன்ஜின் கோழி வாரத்துல மட்டும்தான் சூடாகுமா?”

ஓட்டுநர் யோசித்தார். மனைவியைப் பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். “மீன் வாரத்துலயும் அதே வண்டிதான்பா” என்றார்.

“இதோ, இந்த ரெண்டு வ வந்த வாரம் எனக்கும் வயிறு சரியில்ல” என்றான் தம்பி. “நான் எங்க கேன்டீன் டீயைத் திட்டிட்டிருந்தேன்.” கிருமி எண்ணுகிறவன் திட்டியதும் டீயைத்தான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா காலண்டரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி. “வர்றதும் வராததும் உங்க இஷ்டம். நான் கழுவாம ஆக்கி இந்தக் கையால போட மாட்டேன்.”

தம்பி எழுந்தான். தட்டில் பாதி மீன் இருந்தது. “போதும்கா” என்று சொல்லாமல் போனான்.

அந்த வாரம் ஆலையில் செக்கர் மேசைக்கு ஒரு கட்டு சட்டை வந்தது. முதல் சட்டையில் இடப்பக்கப் பையின் மூலையில் தையல் விட்டிருந்தது. சிவப்பு ஒட்டு. இரண்டாவதில் அதே மூலை. மூன்றாவதில் அதே மூலை. அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு தையல்காரரிடம் போனாள்.

“நூல் மட்டம்கா. பிசிறை வெட்டிட்டாப் போச்சு” என்றார் அவர்.

“எல்லா நூலுமா?”

“காத்துல ஈரம் அதிகம். நூல் இழுக்குது.”

“அண்ணே, எங்கிட்டயேவா? ஒரு சட்டைல விட்டுதுன்னா நூலைப் பாரு. அதே எடத்துல அடுத்த சட்டைலயும் விட்டுதுன்னா மிஷினைப் பாரு. காத்து எங்கயாவது எண்ணி வெச்சு ஒரே மூலைல வந்து...”

அக்கா அங்கேயே நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. தையல்காரர் அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார். ஒரே ஒரு தண்ணி.

பதினெட்டு வருடமாக ஆலை முழுக்கச் சொல்லி வந்த வாசகம். அதைத் தன் வீட்டு அடுப்படிக்கு மட்டும் அவள் எடுத்துப் போனதே இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து காலண்டரைத் திருப்பி மாட்டினாள். கோ. வ. கோ. கோ. வ. சட்டைக் கட்டைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தாள். ஒட்டத்தான் சிவப்பு ஒட்டு கையில் இல்லை.

ஒத்துக்கொண்டாளா? என்ன கேள்வி இது! ஏழு தண்ணிக்காரர் ஒத்துக்கொண்டு நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக்கடைக்குப் போய், கடைசியாக ஒரு நடுநிலையாளரின் தீர்ப்பைக் கேட்டாள்.

“ஏம்ப்பா, கோழியைக் கழுவணுமா, வேண்டாமா?”

“நான் கழுவிட்டுத்தான்கா தர்றேன்.”

“அப்ப நான் கழுவ வேண்டாமா?”

“கழுவினா நல்லதுதான்கா.”

“கழுவலேன்னா?”

“அதுவும் நல்லதுதான். உங்க திருப்திதானே முக்கியம்? தோல் உரிக்கணுமா, இருக்கட்டுமா?”

வியாபாரம் நன்றாக நடக்கும் கடைகளில் தீர்ப்பு இப்படித்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தாள். தட்டுகளை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். வெள்ளரிக்காயை அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். டம்ளர்களையும் ரேடியோவையும் நாடு கடத்தினாள். தம்பியிடம், “வேணும்னா வந்துட்டுப் போங்க, சோறு இருக்கும்” என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். கோழிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்த கை அவளைக் கேட்காமல் குழாய்ப் பக்கம் போனது. இழுத்தாள். மறுபடி போனது. வருடக்கணக்கான பழக்கம், ஒரு சட்டைக்கட்டைப் பார்த்தா திருந்தும்?

செக்கர் யோசித்தாள். மிஷினைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் மிஷினை நிறுத்த வேண்டும். குளியலறையில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, தொட்டிக்கு அடியில் குனிந்து, துணி மூட்டைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வால்வைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் முறுக்கி அடைத்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நின்றது.

காகிதத்தை எடுத்துக் கோழியின் முகத்தை, மன்னிக்கவும், துண்டுகளைத் துடைத்தாள். சட்டியில் போட்டாள். காகிதத்தைக் குப்பையில் திணித்து, மறுபடி குளியலறைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டாள். சமாதானம் ஆகவில்லை. சட்டியிடம் வந்து கரண்டியால் ஏழு முறை கிளறினாள்.

ஒரு மணிக்குத் தம்பி வந்தான். மனைவியும் வந்தாள். இரண்டு பேரும் உட்காரவில்லை. சட்டியிலிருந்து வந்த வாசனைக்கும் வைராக்கியத்துக்கும் நடுவில் நின்றார்கள். தம்பி கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குள் போனான்.

“அக்கா, குழாய்ல தண்ணியே வரலையே!”

அக்கா சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். “காலைலேர்ந்தே இல்ல. அதான் இன்னிக்குக் கழுவல. நீ சொன்னேன்னு இல்ல. தண்ணி இருந்திருந்தா கழுவித்தான் இருப்பேன்.”

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, துண்டால் துவட்டிக்கொண்டு ஓட்டுநர் வெளியே வந்தார். “இன்னிக்கு என்னப்பா, தண்ணி பிச்சுக்கிட்டு வருது!” என்றார்.

தம்பி குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தான். துணி மூட்டை நகர்ந்திருந்தது. வால்வின் துருவில் புதிதாக விரல் தடம். நிமிர்ந்து அக்காவின் கையைப் பார்த்தான். உள்ளங்கை ரேகைகளில் சோப்புக்கும் போகாத துரு சிவந்திருந்தது.

லேப்காரன், பார்த்ததை எல்லாம் எழுதித் தருகிறவன், முதல் முறையாக ஒரு முடிவை மறைத்தான்.

“ஆமாக்கா, தெரு முழுக்கத் தண்ணி இல்லையாம்” என்று சொல்லிவிட்டு, குளியலறையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசைமுன் உட்கார்ந்தான். “போடு.”

அக்கா முதல் துண்டை அவன் தட்டில் வைத்தாள். இரண்டாவதை அவன் மனைவிக்கு. மூன்றாவதைத் தனக்குப் போட்டு, கழுவாத கோழி எப்படித்தான் இருக்கிறது என்று ஒரு வாய் மென்று பார்த்தாள். கோழி மாதிரிதான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“போதும்கா” என்றான் தம்பி, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகு.

அன்று காலண்டரில் ‘கோ’ போட்டாள். செவ்வாய் போனது. புதன் போனது. வெள்ளிக்கிழமை ஓட்டுநர் கட்டங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “இந்த வாரம் வ இல்லையா?”

“ஏன், வேணுமா?”

“இல்ல, கோவம் இல்லைன்னா நான் கொஞ்சம் பேசலாமான்னுதான்.”

“அதுக்குள்ள என்ன அவசரம்?” என்றாள் அக்கா. பதினைந்து நாளுக்கொரு முறை அந்த வீட்டு அடுப்படியில் மட்டும் காலையில் தண்ணீர் நின்றுவிடுகிறது. நகராட்சிக்கு எழுதிப் போட வேண்டும் என்று தவறாமல் சொல்கிறாள். இதுவரை போடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். “எங்க வீட்டுல இந்தப் பேச்சுக்கே இடமில்ல, நாங்க மூணே தண்ணிதான்” என்று சொல்லிக்கொள்கிறீர்கள் அல்லவா? இந்த இனத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கோழியே தொடாதவர்களும் ரொம்ப நிமிர்ந்து உட்கார வேண்டாம். பூட்டிய பூட்டைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது எத்தனையாவது தண்ணி என்று யோசித்துப் பாருங்கள். யோசித்துவிட்டு, உங்கள் வீட்டுத் தொட்டிக்கு அடியில் குனிந்து, வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அதில் ஏற்கெனவே விரல் தடம் இருந்தால் வீட்டில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.